மகளிர் கூடைப்பந்துக்கு அமெரிக்கக் கல்லூரி தேடுகிறீர்களா? படிப்பு, ஆட்டம் இரண்டையும் வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகள் டிவிஷன் 3 என்ற விளையாட்டுப் பிரிவில் உள்ள ஒரு கல்லூரியில் நான்கு வருடம் கூடைப்பந்து ஆடினாள், உயிரியலில் பட்டமும் வாங்கினாள். அவளுக்காகக் கல்லூரி தேடிய காலத்தில் இதையெல்லாம் எங்களுக்குத் தமிழில் உட்கார்ந்து சொல்ல ஆள் இல்லை. பிறகு தெரிந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டவர்கள் வேறு வேறு, கேள்விகள் அநேகமாக இவையேதான்.

முதலில் எதைப் பார்ப்பது, படிப்பையா ஆட்டத்தையா?

உங்கள் மகள் படிக்க விரும்பும் துறையைப் பாருங்கள். ஆட்டம் முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பத்து வயதிலிருந்து விடியற்காலையில் எழுந்து பந்தைத் தட்டிய பெண்ணிடம் அப்படிச் சொல்வது அநியாயம். ஆனால் கணக்கு இப்படி இருக்கிறது: டிவிஷன் 1 என்ற மேல்மட்டத்தில் மட்டும் 350க்கும் அதிகமான மகளிர் அணிகள் உள்ளன. அமெரிக்காவின் தொழில்முறை மகளிர் லீக்கான டபிள்யூஎன்பிஏ புதிய வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2024ஆம் ஆண்டு எடுக்கப்பட்டவர்கள் மொத்தம் 36 பேர். எடுக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் அணியில் இடம் கிடைப்பதும் இல்லை, ஏனென்றால் அந்த வருடம் ஓர் அணிக்கு அதிகபட்சம் 12 பேர்தான். அதனால் பெரும்பாலான பெண்களுக்குக் கல்லூரியின் கடைசி ஆட்டம்தான் போட்டி ஆட்டத்தின் கடைசி. அடுத்த நாள் காலையில் கையில் இருக்கப்போவது அந்தப் பட்டம்.

துறை முடிவான பிறகு, அந்தத் துறை நன்றாக இருக்கும் கல்லூரிகளில் எந்த அணியில் அவளால் உண்மையிலேயே களத்தில் இறங்க முடியும் என்று தேடுங்கள். துறையே முடிவாகவில்லை என்றாலும் பரவாயில்லை, பல துறைகள் பலமாக இருக்கும் கல்லூரியாகப் பாருங்கள்.

டிவிஷன் 1, 2, 3 என்கிறார்களே, அது தர வரிசையா?

ஆட்டத்தின் வேகம், உடல் பலம் என்று பார்த்தால் ஓரளவுக்கு ஆமாம். படிப்பின் தரம் என்று பார்த்தால் இல்லவே இல்லை. இந்த ஒரு குழப்பத்தால் நல்ல கல்லூரிகளைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

சிகாகோ பல்கலைக்கழகம், எமரி, கார்னகி மெலன், செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகம், ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், எம்ஐடி எல்லாம் டிவிஷன் 3. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மகளிர் அணி 2024, 2025 இரண்டு சீசனிலும் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் டிவிஷன் 3 பட்டத்தை வென்றது. அந்த அணிகளின் ஆட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு ‘வெறும் டிவிஷன் 3’ என்று சொல்ல முடிகிறதா பாருங்கள்.

வேறுபாடு பணத்திலும் நேரத்திலும்தான் இருக்கிறது. டிவிஷன் 1, 2 கல்லூரிகள் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் தரலாம். டிவிஷன் 3 தரக் கூடாது. டிவிஷன் 3இல் சீசன் குறுகியது, பயணங்களும் பெரும்பாலும் பேருந்தில் போய் வரும் தூரம். டிவிஷன் 2 இடையில் இருக்கிறது, முழு ஸ்காலர்ஷிப்பைவிடப் பகுதி ஸ்காலர்ஷிப்தான் அங்கே வழக்கம். இந்த மூன்று டிவிஷன்களையும் நடத்தும் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவுக்கு வெளியே என்ஏஐஏ என்றொரு அமைப்பு உண்டு. அதிலுள்ள சிறிய கல்லூரிகளும் ஸ்காலர்ஷிப் தருகின்றன.

முழு ஸ்காலர்ஷிப் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்தானே?

நான்கு வருடக் கட்டணம் இல்லாமல் ஒரு பெண் படித்து முடிப்பது பெரிய விஷயம், அதை எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். ஆனால் அது மட்டுமே வழி என்றும் நினைக்காதீர்கள்.

கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் தந்த சமரசத்துக்குப் பிறகு விதிகள் மாறிவிட்டன. அதில் சேர்ந்த டிவிஷன் 1 கல்லூரிகளுக்கு இப்போது ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கிடையாது, அணியில் இருப்பவர்களின் எண்ணிக்கைக்குத்தான் வரம்பு. மகளிர் கூடைப்பந்துக்கு அது 15 பேர். முன்பு டிவிஷன் 1 மகளிர் கூடைப்பந்தில் ஸ்காலர்ஷிப் என்றாலே முழுத் தொகைதான். இப்போது பகுதியாகவும் பிரித்துத் தரலாம். ஆகவே ‘ஸ்காலர்ஷிப் தருகிறோம்’ என்று கேட்டதும் மகிழ்ந்துவிடாமல், எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு என்று கேளுங்கள்.

அப்புறம் தேவை அடிப்படையிலான நிதியுதவி. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. உதாரணத்துக்கு, ஹார்வர்ட் 2025-26 கல்வியாண்டிலிருந்து ஆண்டு வருமானம் 2,00,000 டாலர் வரை உள்ள, சொத்தும் வழக்கமான அளவில் உள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே தராத ஒரு கல்லூரி, பகுதி ஸ்காலர்ஷிப் தரும் கல்லூரியைவிட மலிவாக முடிவது சகஜம். ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் நிகரச் செலவை, அதாவது உதவி போக நீங்கள் கட்ட வேண்டியதை, கணக்கிடும் கருவி இருக்கிறது, அதை வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஓர் இரவு உட்கார்ந்து பத்துக் கல்லூரிகளுக்கும் போட்டுப் பாருங்கள். எங்கள் பட்டியல் அந்த ஓர் இரவில் தலைகீழானது.

ஹார்வர்ட், பிரின்ஸ்டன் போன்ற எட்டுப் பல்கலைக்கழகங்களின் ஐவி லீக்கில் ஆட்டம் பலவீனம் என்கிறார்களே?

அது பழைய பேச்சு. 1998 என்சிஏஏ தேசியப் போட்டியில், தன் பிரிவில் கடைசியான 16ஆம் தரவரிசையில் இருந்த ஹார்வர்ட் பெண்கள், அதே பிரிவில் முதல் தரவரிசையில் இருந்த ஸ்டான்ஃபோர்டை அதன் சொந்த அரங்கத்திலேயே வீழ்த்தினார்கள். 2025 என்சிஏஏ போட்டிக்கு ஐவியிலிருந்து கொலம்பியா, ஹார்வர்ட், பிரின்ஸ்டன் என மூன்று அணிகள் போயின.

தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. ஐவி விளையாட்டு ஸ்காலர்ஷிப் தருவதில்லை, ஹவுஸ் சமரசத்திலும் சேரவில்லை. கோச் விரும்பினாலும் சேர்க்கை அலுவலகம் மதிப்பெண்களைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். இதற்கு ‘ப்ரீ-ரீட்’ என்று பெயர், டிவிஷன் 3இலும் படிப்பில் கண்டிப்பான கல்லூரிகள் இதைச் செய்கின்றன. மேற்படிப்பு மாணவிகள் ஐவி அணிகளில் ஆட முடியாது என்பது இன்னொரு விதி. பிரின்ஸ்டனில் ஆடிய கெய்ட்லின் சென் பட்டம் முடித்த பிறகு, ஆடத் தகுதி மீதமிருந்த ஒரு வருடத்துக்கு கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்த அணி 2025இல் தேசியப் பட்டத்தை வென்றது. படிப்பை முதலில் வைத்த பெண்ணுக்கு ஆட்டம் பின்னால் வந்து சேர்ந்த கதை என்று என் மகளுக்கு அதைத்தான் சொல்வேன்.

பள்ளியில் எவ்வளவு மதிப்பெண் தேவை?

டிவிஷன் 1இல் ஆடத் தகுதி பெற 16 அடிப்படைப் பாடங்கள் முடித்து, அவற்றில் குறைந்தது 2.3 ஜிபிஏ (4க்கு இத்தனை என்ற சராசரி மதிப்பெண்) இருக்க வேண்டும். டிவிஷன் 2க்கு 2.2. அந்தப் பதினாறில் பத்தை, அதிலும் ஆங்கிலம், கணிதம், அறிவியலில் ஏழை, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். இது டிவிஷன் 1 விதி. கடைசி வருடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பள்ளியில் நடத்தும் எல்லாப் பாடமும் கணக்கில் வராது. உங்கள் பள்ளிக்கென்று என்சிஏஏ ஒப்புதல் தந்த பாடப் பட்டியல் இருக்கிறது. அதை ஒன்பதாம் வகுப்பிலேயே எடுத்துப் பாருங்கள்.

கல்லூரி நுழைவுத் தேர்வுகளான எஸ்ஏடி, ஏசிடி மதிப்பெண்களை என்சிஏஏ 2023இலிருந்து கேட்பதில்லை. ஆனால் கல்லூரி கேட்கலாம். 2.3 என்பது ஆடுவதற்கான அனுமதிச் சீட்டு மட்டும்தான், நல்ல கல்லூரிக்கான நுழைவுச் சீட்டு ஆகாது.

வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி என்று விதி இருக்கிறதாமே? அது சமாளிக்கக்கூடியதுதானே?

விதி இருக்கிறது. சீசனில் ஒரு நாளைக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 20 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. ஆனால் எதெல்லாம் அந்தக் கணக்கில் வராது என்று பாருங்கள். பயணம் வராது. காயத்துக்கான சிகிச்சை, காலுக்குக் கட்டுப் போடும் நேரம் வராது. ஆட்ட நாள் முழுவதும் போனாலும் கணக்கில் 3 மணி நேரம்தான். கூடைப்பந்துக்கு இன்னொரு சிரமம் உண்டு. நவம்பரில் தொடங்கும் சீசன் மார்ச் வரை போவதால், இரண்டு செமஸ்டரையும் அது தொடுகிறது. டிசம்பர் தேர்வும் அதற்குள், பிப்ரவரி இடைத்தேர்வும் அதற்குள். இலையுதிர்காலத்தோடு முடிந்துவிடும் ஆட்டங்களை ஆடும் தோழிகளுக்கு இந்த நெருக்கடி இல்லை.

தூரமும் இப்போது கூடிவிட்டது. 2024இல் பழைய பசிபிக் கூட்டமைப்பு உடைந்து, ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரை அணிகளின் கூட்டமைப்பான ஏசிசியில் சேர்ந்தன. யுசிஎல்ஏ, யுஎஸ்சி, ஓரிகன், வாஷிங்டன் நான்கும் பிக் டென் என்ற இன்னொரு கூட்டமைப்புக்குப் போயின. கலிஃபோர்னியாவில் படிக்கும் பெண் ஒரு லீக் ஆட்டத்துக்காகப் பாஸ்டனுக்கோ நியூ ஜெர்சிக்கோ பறக்கிறாள். மூன்று மணி நேர வித்தியாசம். திரும்பி வந்த மறுநாள் கரிம வேதியியல் வகுப்பு.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். கோச்சிடம் இப்படிக் கேளுங்கள்: “போன ஜனவரியில் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வருடம் படிக்கும் உங்கள் வீராங்கனை ஒருத்தி திங்கள் காலையிலிருந்து ஞாயிறு இரவு வரை என்ன செய்தாள்?” நல்ல கோச் மணிக்கணக்கோடு சொல்வார். எத்தனை வகுப்பு தவறியது, விமானத்தில் யார் யாருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், தேர்வை எந்த ஹோட்டல் அறையில் எழுதினாள், எல்லாம் வரும். “எங்களுக்குப் படிப்புதான் முதல்” என்ற ஒரு வரியோடு நிறுத்துபவரிடம் இன்னொரு முறை கேளுங்கள். போன வருட ஆட்ட அட்டவணை அணியின் இணையதளத்தில் கிடைக்கும். வாரநாட்களில் வெளியூர் ஆட்டம் எத்தனை என்று நீங்களே எண்ணிவிடலாம், பத்து நிமிட வேலை.

பொறியியல், நர்சிங், மருத்துவத்துக்குத் தயாராகும் படிப்பு, இதெல்லாம் ஆட்டத்தோடு சாத்தியமா?

சாத்தியம்தான், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. ஆய்வக வகுப்பு பிற்பகலில் மூன்று மணி நேரம், அணிப் பயிற்சியும் பிற்பகலில். நர்சிங்கில் மருத்துவமனைப் பயிற்சி நாட்களை மாற்றவே முடியாது. காலையில் பயிற்சி வைக்கும் அணிகளில் இந்த முட்டல் குறையும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கல்லூரியின் துணைக் கோச் என் மகளிடம் மிக அன்பாகப் பேசினார். அவள் உயிரியல் என்றதும், “ஆய்வகம் பயிற்சி நேரத்தில் வரும், எங்கள் பெண்கள் வேறு மேஜர் (முதன்மைப் பாடம்) எடுப்பார்கள், நீயும் பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் காரில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அணியை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. மறுநாள் அவளாகவே அதைப் பட்டியலிலிருந்து எடுத்தாள்.

கேட்காமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அணியின் இணையதளத்தில் பெரும்பாலும் ஒவ்வொரு வீராங்கனையின் மேஜரும் போட்டிருக்கும். மூன்றாம், நான்காம் வருடப் பெண்களை மட்டும் பாருங்கள். முதல் வருடத்தில் எல்லோரும் உயிரியல்தான் என்பார்கள். மேல் வகுப்பில் பாதிப் பேர் ஒரே மேஜரில் இருந்தால், அது தற்செயலாக இருக்காது. பழைய வருடங்களின் பட்டியலும் கிடைக்கும். முதல் வருடத்தில் பொறியியல் என்று இருந்தவள் நான்காம் வருடத்தில் என்னவாக இருக்கிறாள் என்று பெயர் பெயராகப் பார்த்தால், எந்தக் கையேடும் சொல்லாததை அது சொல்லும்.

மேஜரைப் பிறகு மாற்றுவதும் நினைப்பது போல எளிதில்லை. டிவிஷன் 1இல் பட்டத்துக்குத் தேவையான பாடங்களில் இரண்டு வருட முடிவில் 40, மூன்றில் 60, நான்கில் 80 சதவீதம் முடித்திருந்தால்தான் தொடர்ந்து ஆட முடியும். தாமதமாக மாறினால் முன்பு முடித்த பாடங்கள் புதிய பட்டத்துக்குச் சேராமல் போய், அவள் வெளியே உட்கார நேரிடலாம். கணிதமும் அறிவியலும் அதிகம் உள்ள மேஜரில் தொடங்கி எளிதானதற்கு மாறலாம். எதிர்த் திசையில் போவது மிகக் கடினம்.

ஏபிஆர், ஜிஎஸ்ஆர் என்று எண்கள் போடுகிறார்களே, நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அவை என்ன சொல்கின்றன என்று தெரிந்து நம்புங்கள். ஏபிஆர் என்பது அணியின் மாணவிகள் தகுதியோடு தொடர்கிறார்களா என்பதற்கு 1000க்கு இத்தனை என்ற மதிப்பெண், 930க்குக் கீழே போனால் சீசன் இறுதிப் போட்டிகளுக்குத் தடை. ஜிஎஸ்ஆர் என்பது ஆறு வருடத்துக்குள் பட்டம் முடித்தவர்களின் விகிதம். நல்ல மதிப்பெண்ணோடு வேறு கல்லூரிக்கு மாறிப்போனவர்களை அது குறையாக எண்ணாது. எந்தப் பட்டம் என்பதையும் சொல்லாது. குறைவாக இருந்தால் எச்சரிக்கை, அதிகமாக இருந்தால் மேலே விசாரிக்கலாம். அவ்வளவுதான்.

அவளுக்கு ஆட வாய்ப்பு கிடைக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அணியின் ஆட்கள் பட்டியலான ரோஸ்டரை எடுத்து, அவள் இடத்தில் ஆடுபவர்கள் எத்தனை பேர், எந்த வருடம் என்று குறியுங்கள். முன்பெல்லாம் இதுவே போதும். இப்போது கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்துவிட்டது. 2024 ஏப்ரலிலிருந்து, படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம். நான்காம் வருடப் பெண் போனதும் அந்த இடம் உங்கள் மகளுக்கு என்று நினைத்தால், அங்கே வேறு கல்லூரியிலிருந்து 22 வயதுப் பெண் ஒருத்தி வந்து நிற்பாள். ஆகவே கடைசி மூன்று வருட ரோஸ்டர்களை அருகருகே வையுங்கள். பள்ளியிலிருந்து நேராக வந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாம் வருடம் வரை தங்கினார்கள், எத்தனை பேர் களத்தில் இறங்கினார்கள்? நேரடியாகச் சேர்ந்தவர்களை வளர்க்கும் கோச் யார், ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பவர் யார் என்று தெரிந்துவிடும்.

கோச் வேறு இடத்துக்குப் போய்விட்டால்?

போவார்கள். ஒப்பந்தம் முடியும், நீக்கப்படுவார்கள், நல்ல வாய்ப்பு வந்தால் நகர்வார்கள். “இந்தக் கோச் இல்லை, முழங்கால் காயத்தால் ஒரு வருடம் ஆட்டமும் இல்லை. அப்போதும் இந்த வளாகத்தில் இருப்பாயா?” என்று மகளிடம் கேளுங்கள். அமெரிக்கக் கோச்சுகளே இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்வார்கள்.

காயம் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டுமா?

முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் நட்சத்திர வீராங்கனை பெய்ஜ் பெக்கர்ஸ் அதனால் 2022-23 சீசன் முழுவதையும் இழந்தார். திரும்பி வந்து 2025இல் தேசியப் பட்டமும் வென்று, டிராஃப்டில் முதல் ஆளாகவும் போனார். அவரைச் சுற்றிச் சிறந்த மருத்துவர்கள் இருந்தார்கள். நீங்கள் பார்க்கும் கல்லூரியில் மகளிர் அணிக்கென்று தனிச் சிகிச்சையாளர் இருக்கிறாரா, முழங்காலைப் பாதுகாக்கும் பயிற்சி வாரத்தில் எத்தனை நாள், கடந்த மூன்று வருடத்தில் எத்தனை பேருக்கு அறுவைச் சிகிச்சை ஆனது என்று கேளுங்கள். டிவிஷன் 1 கல்லூரிகள், ஆட்டத்தால் வந்த காயத்துக்கு மாணவி விலகிய பிறகும் குறைந்தது இரண்டு வருடம் மருத்துவச் செலவை ஏற்க வேண்டும் என்பது 2024 ஆகஸ்டிலிருந்து உள்ள விதி. மற்ற டிவிஷன்களில் காப்பீட்டைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோச்சுகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினோம், பதிலே இல்லை. வேண்டாம் என்று அர்த்தமா?

அவசியம் இல்லை. டிவிஷன் 1இல் எந்தத் தேதிக்குப் பிறகு கோச் பதில் எழுதலாம் என்று விதி இருக்கிறது. அதற்கு முன் அவர் விரும்பினாலும் எழுத முடியாது. டிவிஷன் 3இல் அந்தத் தடை இல்லை, அங்கே நீண்ட மௌனம் என்றால் பெரும்பாலும் ஆர்வம் இல்லை என்றுதான் பொருள். பயிற்சி முகாமுக்கு வரச் சொல்லி அச்சடித்தது போல் ஒரு கடிதம் வந்தால் அதை அழைப்பாக எண்ணிவிடாதீர்கள், ஆயிரம் பேருக்குப் போயிருக்கும்.

மின்னஞ்சலை மகளே எழுதட்டும். அப்பாவோ அம்மாவோ எழுதியதைக் கோச்சுகள் இரண்டு வரியில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஜிபிஏ, படிக்க விரும்பும் துறை, உயரம், ஆடும் இடம், மூன்று நிமிடக் காணொளி, முழு ஆட்டம் ஒன்றின் இணைப்பு. போதும்.

கல்லூரிக்கு நேரில் போகும்போது?

அதிகம் ஆட வாய்ப்புக் கிடைக்காத பெண்ணிடம் பேசுங்கள். நட்சத்திர வீராங்கனை எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வாள், அவளுக்கு உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கும். பெஞ்சில் பன்னிரண்டாவதாக உட்கார்பவளைக் கோச் எப்படி நடத்துகிறார் என்பதில்தான் நான்கு வருடம் எப்படிப் போகும் என்பது தெரியும். முடிந்தால் ஒரு பயிற்சியை முழுதாகப் பாருங்கள். அவள் படிக்க நினைக்கும் துறையின் பேராசிரியர் ஒருவரையும் பார்த்து, “அணியில் ஆடும் மாணவிகள் உங்கள் வகுப்பில் எப்படி?” என்று கேளுங்கள். அவர் முகமே பதில் சொல்லிவிடும்.

கோச் வாய்மொழியாக இடம் உறுதி என்றார். மற்ற கல்லூரிகளை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். வாய்ச்சொல் இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தாது. சேரப்போகும் கல்லூரிக்கு மாணவி கையெழுத்திட்டுத் தரும் தேசிய ஒப்புதல் கடிதம் என்ற பழைய முறை 2024 அக்டோபரில் முடிந்துவிட்டது. இப்போது கையெழுத்தாகும் நிதியுதவி ஒப்பந்தம்தான் கணக்கு. ஐவியிலும் டிவிஷன் 3இலும் சேர்க்கை அலுவலகத்தின் கடிதம் வரும்வரை எதுவும் முடிவில்லை.

விளம்பர வருமானம், கல்லூரி நேரடியாகத் தரும் பணம் இதையெல்லாம் பார்த்து முடிவெடுக்கலாமா?

2021 ஜூலையிலிருந்து பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே பணம் பகிரலாம். கூடைப்பந்தில் அந்தப் பெரும் பணம் சில அணிகளின் சில பெண்களுக்குத்தான் போகிறது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் மாணவி இதைத் தொடும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டாக வேண்டும், விசா நிலைக்கே ஆபத்து வரலாம்.

இரண்டாம் வருடத்தில் ‘எனக்கு ஆட வேண்டாம்’ என்று அவள் சொன்னால்?

இந்தக் கேள்வியைச் சேர்வதற்கு முன்பே கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்க வேண்டும். விளையாட்டு ஸ்காலர்ஷிப்பில் இருப்பவள் தானாக விலகினால் அந்தப் பணத்தைக் கல்லூரி நிறுத்தலாம். வருட நடுவிலா, வருட முடிவிலா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். தேவை அடிப்படையிலான உதவிக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை, அது தொடரும்.

என் மகள் மூன்றாம் வருடம் பிப்ரவரியில் ஒரு ராத்திரி போன் செய்து, முடியவில்லை அம்மா, விட்டுவிடட்டுமா என்றாள். வீட்டுக் கணக்கு எதையும் யோசிக்காமல், “உனக்கு எது சரியோ செய் கண்ணா” என்று என்னால் சொல்ல முடிந்தது. ஒரு வாரம் யோசித்தாள். பயிற்சிக்குத் திரும்பிப் போனாள்.